கறவை மாட்டை விற்பதற்கு முன்

கேள்வி:

அக்கா, நாங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 34 வயது. தென்னை ஏறிக் கள் இறக்கும் தொழில். இரண்டு வருடத்துக்கு முன்னால் மழை நாளில் மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டுவிட்டது. ஆபரேஷன் செய்து முதுகில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'டி10 கம்ப்ளீட்' என்று போட்டிருக்கிறது. தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை. எண்ணெய் போட்டு உருவும் உழிச்சல், சூடான மருந்து மூட்டையால் ஒத்தடம் கொடுக்கும் கிழி எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். இப்போது ஒருவர், கரண்ட் வைத்தால் கால் தானாகப் பெடல் மிதிக்கும் சைக்கிள் இருக்கிறது, ஆறு மாதத்தில் நடக்க வைத்துவிடலாம் என்று சொல்லி போனில் வீடியோவும் காட்டினார். பழைய மெஷின், 6 லட்சம் கேட்கிறார். எங்கள் தெருவிலேயே இன்னொரு அண்ணனும் இதே மாதிரி விழுந்தவர். இரண்டு குடும்பமும் பாதிப் பாதி போட்டு வாங்கலாம் என்று பேச்சு. என் பங்குக்குக் கறவை மாடு இரண்டையும் விற்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கால் அடிக்கடி வெட்டி இழுக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை. அந்த அண்ணனுக்கு அந்தத் தொல்லை இல்லை, கால் துணி மாதிரிக் கிடக்கிறது. அதனால் அவருக்குத்தான் சீக்கிரம் சரியாகும் என்கிறார்கள். உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருக்கிறது, அதற்கும் மருந்து சொல்லுங்கள். மெஷினை வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மாடுகளை விற்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். இதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதை நிதானமாகப் பேச முடியும்.

அந்த சைக்கிள் பொய் இல்லை. கரண்ட் வைத்தால் செயலிழந்த கால் மிதிப்பது உண்மை. அந்த உடற்பயிற்சியால் நன்மை இருப்பதும் உண்மை. 'ஆறு மாதத்தில் நடப்பார்' என்று விற்கிறவர் சேர்த்துச் சொன்னதுதான் உண்மை இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, தொல்லை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான். கால் வெட்டி இழுக்கிறது என்கிறீர்கள். அந்தக் கால்தான் கரண்டுக்கு வேலை செய்யக்கூடிய கால். துணி மாதிரிக் கிடக்கிறதே, அந்த அண்ணனின் கால், அதற்கு அந்த சைக்கிள் பெரும்பாலும் எதுவும் செய்யாது. உங்கள் தெருவில் பேசிக்கொள்வது அப்படியே தலைகீழ்.

ஏன் என்று சொல்கிறேன். நாம் காலை நீட்ட நினைத்தால் மூளையிலிருந்து கிளம்பும் கட்டளை தண்டுவடம் வழியாகக் கீழே வருகிறது. தண்டுவடத்தின் அடிப்பகுதியில் காலுக்கென்று நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை கட்டளையை வாங்கி, தங்கள் நரம்பு வழியாகத் தசைக்கு அனுப்புகின்றன. உங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ரோட்டிலிருந்து வரும் லைன் காற்றில் அறுந்துவிட்டது. ஸ்டார்ட்டர், அங்கிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர், மோட்டார் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மாட்டினால் தண்ணீர் வரும். உங்கள் வீட்டுக்காரர் நிலை இதுதான். சீட்டில் போட்டிருக்கும் 'டி10 கம்ப்ளீட்' என்றால், மார்பு முதுகெலும்பில் பத்தாவது மட்டத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் முழுதாகப் போய்விட்டது என்று அர்த்தம். அவருக்கு அறுந்தது மேலே இருக்கும் லைன். கீழே உள்ள செல்லும் நரம்பும் உயிரோடுதான் இருக்கின்றன. மூளையின் கட்டுப்பாடு இல்லாததால், துணி உரசினாலும் குளிர்ந்த காற்று பட்டாலும் அவை தாமாகக் கிளம்பிக் காலை இழுக்கின்றன. வெட்டி இழுப்பது அதனால்தான்.

அந்த அண்ணனுக்கு அடிபட்ட இடம் இன்னும் கீழே இருக்க வேண்டும். மரத்திலிருந்து விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மார்பு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் இடம்தான் உடைகிறது. டி12, எல்1 என்று சீட்டில் எழுதுவார்கள். தண்டுவடம் முடிகிற இடமும் கிட்டத்தட்ட அதுதான். அங்கே நசுங்கினால் காலுக்கான செல்லும் அதிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களுமே போய்விடும். ஸ்டார்ட்டரும் ஒயரும் கருகிவிட்ட மாதிரி. தசைக்குக் கரண்ட் வைக்கும் சாதாரண மெஷின் தசையை நேராகத் தூண்டுவதில்லை, தசைக்குப் போகும் நரம்பைத்தான் தூண்டுகிறது. அது தரும் ஒவ்வொரு துடிப்பும் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிக்காது. நரம்புக்கு அது போதும். நரம்பு இல்லாத தசைக்கு அதைப்போல நூறு மடங்குக்கு மேல் நீண்ட துடிப்பு வேண்டும். வியன்னாவில் அதற்கென்று தனி மெஷின் செய்து, வாரத்தில் ஐந்து நாள் வீட்டிலேயே கரண்ட் வைத்து, வற்றிப்போன தொடையைத் தேற்றிக் காட்டியிருக்கிறார்கள். அந்த வேலையை இந்த சைக்கிளால் செய்ய முடியாது. அந்த அண்ணன் குடும்பத்திடம் இதை நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், உங்களுக்குத்தான் மனக்கஷ்டம். பொள்ளாச்சியில் என்னிடம் வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள். தொடையில் கரண்ட் கொடுக்கும் இரண்டு பேட் ஒட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தச் சோதனையைக் கரண்ட் மெஷின் வைத்திருக்கும் எந்தப் பிசியோதெரபிப் பிரிவிலும் செய்வார்கள். 6 லட்சம் கேட்கிறவர் இதைச் செய்து பார்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, நடப்பது பற்றி. ஜெனரேட்டர் எத்தனை நாள் ஓடினாலும் அறுந்த லைன் ஒட்டிக்கொள்ளாது. கரண்ட் பட்டால் தசை சுருங்கும் என்பது தவளைக் காலை வைத்து இத்தாலியில் கால்வானி எழுதிய 1791இலிருந்து தெரிந்த விஷயம். பக்கவாதம் வந்தவர்களின் தொங்கும் பாதத்தைக் கரண்ட் கொடுத்துத் தூக்க வைத்து லிபர்சன் என்ற மருத்துவர் 1961இல் எழுதினார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பெட்ராஃப்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். தண்டுவடம் அடிபட்ட ஒரு மாணவி 1982இல் அதன் உதவியோடு சில அடிகள் எடுத்து வைத்தார். உலகமே பார்த்தது. ஆனால் கரண்டை நிறுத்தினால் அடுத்த அடி இல்லை. இன்று அந்தத் துறை பெரும்பாலும் நடையைவிட சைக்கிளையே பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. சைக்கிளில் விழ முடியாது, தசை சீக்கிரம் களைத்தாலும் ஆபத்து இல்லை, தினமும் செய்யலாம்.

சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவரும் இந்த சைக்கிளில் பல வருடம் பயிற்சி செய்தார். தசை தேறியது. சில வருடம் கழித்துக் கொஞ்சம் உணர்வும் ஒரு விரலில் அசைவும் வந்தன. 2004இல் இறக்கும்வரை அவர் நடக்கவில்லை. பணத்துக்கும் வைத்தியத்துக்கும் அவருக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அந்த வீடியோவில் நடக்கிறாரே என்பீர்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஆட்கள் நிற்க ஒருவர் மெதுவாக நடக்கும் வீடியோ என்றால் அது வேறு விஷயமாக இருக்கலாம். 2018இல் அமெரிக்காவில் இரண்டு இடங்களிலும் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்திலும், ஆபரேஷன் செய்து தண்டுவடத்தின் உறைமேல் மின்முனைகளைப் பதித்து, மாதக்கணக்கில் தினமும் பயிற்சி கொடுத்துச் சிலரை நடக்க வைத்தார்கள். மிகப் பெரிய விஷயம்தான். ஆனால் அது ஆராய்ச்சி, சிலருக்கு மட்டும் செய்தது, தோல்மேல் பேட் ஒட்டும் சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்கிறார்கள். உங்களைப் போன்றவர்களின் ஆசையை இப்படிக் காசாக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நடக்க வைக்காது என்றால் எதற்குச் செய்ய வேண்டும்? இங்கேதான் நீங்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

தண்டுவடம் அடிபட்ட ஒரு வருடத்துக்குள் தொடைத் தசை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். உங்கள் வீட்டுக்காரரின் தொடையை இப்போது பார்த்தாலே தெரியும். தசை வெறும் அழகுக்கு இல்லை. சாப்பிட்ட சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பது தசை. உட்காரும் எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் மெத்தையாக இருப்பது பிட்டத்துத் தசை. அது வற்றினால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடும், படுக்கைப் புண் வரும் வாய்ப்பும் கூடும். வாரம் மூன்று நாளாவது கரண்ட் வைத்துத் தசைக்கு வேலை கொடுத்தால் அது திரும்பப் பருமனாகிறது, காலுக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, மூச்சும் இதயமும் ஓரளவு பழகுகின்றன. வெட்டி இழுப்பு பலருக்குப் பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் அடங்கும், ராத்திரி தூங்க முடியும். எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன், சிலருக்கு முதலில் கூடவும் செய்யும். நிறுத்தினால் இந்தப் பலன்கள் மெல்லக் கரைந்துவிடும். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல, விடாமல் செய்ய முடிந்தால்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். நாமாகக் காலை அசைக்கும்போது மூளை சின்னச் சின்னத் தசை நார்களை முறை போட்டு வேலை வாங்கும், சில ஓய்வெடுக்கும்போது சில உழைக்கும். கரண்ட் அப்படிச் செய்யாது, அது எட்டும் நார்களையெல்லாம் ஒரே நேரத்தில் உதைக்கும். அதனால் சீக்கிரம் களைத்துவிடும். இந்த சைக்கிளில் பெரும்பாலானவர்கள் உண்டாக்கும் சக்தி 10, 15 வாட் அளவுதான், வீட்டில் எரிகிற எல்.இ.டி. பல்புக்குச் சரியாகும். 2016இல் ஜூரிச்சில் இதற்கென்றே ஒரு பந்தயம் வைத்தார்கள். தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கள் சொந்தத் தொடையால் மிதித்து ஓட்டினார்கள். தூரம் 750 மீட்டர். மாதக்கணக்கில் பயிற்சி செய்தவர்களுக்கே அது பெரிய தூரம்.

இப்போது எலும்பு. இதை எழுதும்போது என் பழைய தவறு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் இந்தப் பிசியோதெரபி வேலைக்கு வந்த புதிதில், அடிபட்டு நான்கு வருடமான ஒருவருக்குத் தொடையில் கரண்ட் வைத்தேன். தசை நன்றாகச் சுருங்கியது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். இரண்டாவது வாரத்திலேயே கரண்டைக் கூட்டி, கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்ட வைத்தேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத்தான் வலி கிடையாதே. மறுநாள் முட்டி வீங்கிச் சூடாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்தால் முட்டிக்கு மேலே தொடையெலும்பில் முறிவு. மூன்று மாதம் அவர் படுக்கையில் கிடந்தார். முதல் நாளே எலும்பைப் பார்த்திருந்தால் அந்த எடையைக் கட்டியிருக்க மாட்டேன். இன்றுவரை எனக்கு அது மறக்கவில்லை.

பாரம் தாங்காத காலில் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் முட்டியை ஒட்டிய எலும்பின் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்துவிடுகிறது. உங்கள் வீட்டுக்காரர் இப்போது சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறார். எனவே கரண்ட் வைப்பதற்கு முன் இரண்டு முட்டிக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே, முடிந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை. முதுகில் கம்பி இருப்பதால் முதுகெலும்பில் எடுக்கும் அடர்த்தி அளவை நம்ப முடியாது, இடுப்பிலும் முட்டியிலும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பியால் தொடையில் பேட் ஒட்டுவதற்குத் தடை இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, காலில் ரத்தக் கட்டி இருந்தாலோ, ஆறாத முறிவு இருந்தாலோ கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அதை யாரும் உருவிவிடக் கூடாது.

உழிச்சல், கிழி என்று எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்தில் அது பெரிய நம்பிக்கை, குறை சொல்ல வரவில்லை. ஆனால் உணர்வில்லாத காலில் சூடான கிழி வைக்கவே கூடாது. சூடு அதிகம் என்று அவரால் சொல்ல முடியாது, வைக்கிறவருக்கும் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அந்த மாதிரிக் காயங்களோடு எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள், ஆற மாதக்கணக்காகும். எலும்பு மெலிந்த காலை அழுத்தி உழிவதும் ஆபத்து. மென்மையாக எண்ணெய் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரண்ட் வைக்கும் நாளில் அதுவும் வேண்டாம். தைலம் இருந்தால் பேட் சரியாக ஒட்டாது. ஒட்டாத இடம் போக மீதி இடத்தில் கரண்ட் குவிந்து தோலைச் சுட்டுவிடும்.

உட்காரும் இடத்தில் இருக்கும் அந்தச் சிவப்புக்கு மருந்து கேட்டிருந்தீர்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா, அப்படியே சிவந்து நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியே நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் படி. அதற்கு மருந்து என்று எதுவும் தடவ வேண்டாம், அந்த இடத்தில் பாரமே விழக்கூடாது. சிவப்பு மறையும்வரை அவர் உட்காரவே வேண்டாம், பக்கவாட்டில் ஒருக்களித்தோ குப்புறவோ படுக்கட்டும், இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிவிடுங்கள். மறைந்த பிறகு வீல்சேரில் உட்காரும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் இருக்கப் பழக வேண்டும். காற்றடைத்த வட்ட டியூப் வைத்து உட்கார வைக்காதீர்கள், அது சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். இந்தச் சிவப்பு மாறாமல் சைக்கிளும் இல்லை, கரண்டும் இல்லை. உங்கள் கடிதத்தில் மிக அவசரமான விஷயம் இதுதான். நீங்களோ கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

வெட்டி இழுப்பு வழக்கத்தைவிடத் திடீரென்று கூடினால் அதற்கும் காரணம் தேடுங்கள். சிறுநீரில் தொற்று, மலச்சிக்கல், இந்த மாதிரிச் சிவப்பு, காலில் நகம் குத்தியது, எதுவாகவும் இருக்கலாம். அவருக்கு வலி தெரியாததால் உடம்பு இப்படித்தான் தகவல் சொல்கிறது. இழுப்பைக் குறைக்க பேக்லோஃபென் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், இழுப்பு நல்லது என்று அக்கா எழுதினாள் என்று நிறுத்திவிடாதீர்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வீட்டில் கழுத்திலோ மேல் மார்பிலோ, அதாவது டி6 அளவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரண்ட் வைக்கும்போது தலை பிளக்கும் வலி, முகம் சிவந்து வியர்ப்பது, மயிர்க்கூச்செறிவது, மூக்கடைப்பு வந்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். உடனே மெஷினை நிறுத்தி, நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான துணியைத் தளர்த்தி, யூரின் ட்யூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. உங்கள் வீட்டுக்காரருக்கு டி10 என்பதால் இந்தப் பயம் கிட்டத்தட்ட இல்லை.

என்ன செய்யலாம் என்றால், சைக்கிளை விட்டுவிட்டு சின்ன மெஷினில் ஆரம்பிக்கலாம். தசையைச் சுருங்க வைக்கும் இரண்டு சானல் மெஷின் சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. வலி குறைக்கும் டென்ஸ் மெஷினை இதுதான் என்று சொல்லி விற்பார்கள், ஏமாறாதீர்கள். அதையும் உடனே வாங்க வேண்டாம். முதல் ஒரு மாதம் இங்கே வந்து செய்வோம். தொடையின் முன்பக்கம் கவட்டிலிருந்து ஒரு சாண் கீழே ஒரு பேட், முட்டிக்கு மேலே உள்பக்கமாக ஒரு பேட். ஐந்து வினாடி கரண்ட், பதினைந்து வினாடி ஓய்வு. முதல் வாரம் பத்து நிமிடம் போதும், எடை கிடையாது, முட்டிக்குக் கீழே தலையணை. தசை பழகப் பழக நேரத்தை அரை மணி வரை கொண்டுபோகலாம். பிறகு தொடையின் பின்பக்கம், பிட்டம். முடிந்ததும் பேட்டை எடுத்துத் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்து அரை மணியில் மறைந்தால் சரி. மறையவில்லை என்றால் அடுத்த முறை கரண்ட் வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள். பேட் காய்ந்து ஓரம் தூக்கினால் தூக்கி எறிந்துவிடுங்கள், ஈரத்துணியால் துடைத்து ஓட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள். இன்னொருவரோடு பேட்டைப் பகிரவும் கூடாது.

இத்தோடு, உங்கள் கடிதத்தில் யாருமே நினைத்துப் பார்க்காத ஒன்று இருக்கிறது. அவருடைய கை. வருடக்கணக்கில் தென்னை ஏறிய மனிதர், தோளும் கையும் இன்னும் அவர் வசம்தான். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு உலக அளவில் நிபுணர்கள் சேர்ந்து எழுதியிருக்கும் அளவு, மூச்சு வாங்கும்படியான பயிற்சி வாரம் இரண்டு முறை 20 நிமிடமாவது, அதோடு எடை தூக்கும் பயிற்சி இரண்டு முறை. சர்க்கரை, இதயத்துக்காகவும் என்றால் 30 நிமிடம் வாரம் மூன்று முறை. அதைக் கையாலேயே செய்துவிடலாம். ஒரு பழைய சைக்கிளின் பெடல் பகுதியை வெல்டிங் கடையில் கொடுத்து மேசையில் பொருத்தித் தரச் சொல்லுங்கள், கையால் சுற்றட்டும். இதயத்துக்குக் கால் சைக்கிள் தருவதைவிட அதிகமாகவே இது தரும். காலில் கரண்டும் கையில் பெடலும் ஒரே நேரத்தில் செய்தால் இன்னும் நல்லது. பின்னால் முதுகுக்குத் தலையணை கொடுத்து இடுப்பில் ஒரு பெல்ட் போடுங்கள், டி10க்குக் கீழே வயிற்றுத் தசை பாதிதான் பிடிக்கும், முன்னால் சரிவார்.

பணம், உதவி பற்றி. உங்கள் பஞ்சாயத்தில் பாலியேட்டிவ் நர்ஸ் இருப்பார், படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். கேரளத்தில் அதற்கென்று 2008இலேயே அரசுக் கொள்கை வந்துவிட்டது. அந்தச் சிவப்பை அவர் வந்து பார்க்கட்டும். வீட்டுக்காரர் கள்ளுத் தொழிலாளர் நல நிதியில் பெயர் பதிந்திருந்தாரா என்று யூனியன்காரரிடம் கேளுங்கள். மாற்றுத்திறனாளி அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் அதுவும். திருச்சூர் மாவட்டம் கல்லேட்டும்கரையில் கேரள அரசின் கீழ் மறுவாழ்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது, நிப்மர் என்பார்கள். மெஷினில் செய்யும் பயிற்சிகளைப் பற்றி அங்கே கேட்டுப் பாருங்கள்.

மெஷினைவிட அவருக்கு இப்போது வேண்டியது, சில வாரம் ஒரு மறுவாழ்வு மையத்தில் தங்கி வீல்சேர் வாழ்க்கையைக் கற்றுக்கொள்வது என்று எனக்குப் படுகிறது. கட்டிலிலிருந்து தானே வீல்சேருக்கு மாறுவது, சிறுநீரைத் தானே எடுப்பது, படி இறங்குவது. வேலூரில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையத்தை 1966இல் தொடங்கியவர் மேரி வர்கீஸ். உங்கள் கேரளத்துக்காரர். 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, அதற்குப் பிறகு வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்த டாக்டர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரண்டு இடத்திலும் உங்கள் வீட்டுக்காரரைப் போன்றவர்கள் பலர் தங்கிக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். தன்னைப் போலவே இருக்கிற இன்னொரு ஆள் தானே துணி மாற்றிக்கொள்வதைப் பார்ப்பது, நான் பத்து நாள் பேசுவதற்குச் சமம்.

ஒன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு இடத்திலும் இல்லை. அவருக்கு இந்த சைக்கிள் வேண்டுமா? மாட்டை விற்பதில் அவருக்குச் சம்மதமா? இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். காலில் கரண்ட் வைக்கப்போவது அவருக்கு. விடாமல் செய்யப் போவதும் அவர்தான்.

சிவப்பு மறைந்த பிறகு ஒரு நாள் பொள்ளாச்சிக்கு வாருங்கள். ஆபரேஷன் சீட்டு, பழைய எக்ஸ்ரே எல்லாம் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டு, சிறுநீர் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அரைக்கால் டவுசர் போட்டு வரட்டும். முந்தின நாளே கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், அன்று காலையில் எண்ணெய் வேண்டாம். அந்த அண்ணனுக்கும் அதே மாதிரிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா